ரூபாய் விழுந்த வருடமும் வெள்ளி விழுந்த வருடமும்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது, சேலத்திலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த ஓர் அம்மாளை எனக்கு அறிமுகப்படுத்தினார்கள். செவ்வாய்ப்பேட்டைக்காரர். ஊர்ப் பேச்சைக் காதால் கேட்டே நாளாகிவிட்டதால் நான் அவரை விடாமல் பேசவைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு விலைவாசிக்குப் போனது. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரூபா விழுந்ததுல உங்களுக்கெல்லாம் நல்ல காலந்தானுங்களே. ஒண்ணு அனுப்புனா ரெண்டரையா வந்து சேருதாமே" என்றார்.

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. எனக்காகச் சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார். நானும் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் சோறு வடிக்கும்போதுதான் அந்த "ஆமாங்க" உறுத்தத் தொடங்கியது. அந்த அம்மாளைப்போல நினைக்கிறவர்கள் நம் ஊர்ப் பக்கம் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இது அறுபத்தொன்பது நவம்பர் மாதம். இரண்டு வருடத்துக்கு முன் இதே நவம்பரில்தான் எங்கள் வாழ்க்கை கவிழ்ந்தது.

என் பெயர் ரீத்தாமேரி. பிறந்து வளர்ந்தது சேலம் டவுன். இப்போது பினாங்கில் கன்னியர் மடத்துப் பள்ளி ஒன்றில் சீருடை தைக்கிறேன். என் வீட்டுக்காரர் அருளப்பனுக்குச் சொந்த ஊர் சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எட்டு வயதில் தகப்பனோடு கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர், கல்யாணத்துக்கென்று ஊருக்கு வந்து, ஐம்பத்திரண்டில் என்னை இங்கே கூட்டிவந்தார். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல் சரக்கைத் தொங்கான் படகில் இறக்கிக் கரை சேர்க்கும் கூட்டத்துக்கு அவர்தான் தலையாள்.

இங்கே டாலரை நாங்கள் வெள்ளி என்போம். நான் வந்த புதிதில் அண்ணன் சவரிமுத்துவுக்கு, "இருபது வெள்ளி அனுப்பியிருக்கிறேன்" என்று எழுதிவிட்டேன். அண்ணி அதைப் படித்துவிட்டு, வெள்ளிப் பாத்திரம் வருகிறது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாளாம். வந்தது முப்பது ரூபாய் சொச்சம். அப்போது நூறு வெள்ளிக்கு நூற்றைம்பத்தைந்து ரூபாய். ரூபாயும் வெள்ளியும் இங்கிலாந்துப் பவுனின் பின்னால் நடந்த பணங்கள். ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ், வெள்ளிக்கு இரண்டு ஷில்லிங் நாலு பென்ஸ் என்று வெள்ளைக்காரன் எப்போதோ கட்டிவைத்த கணக்கு அது. நாற்பத்தொன்பதில் பவுன் விழுந்தபோது இரண்டும் அதோடு சேர்ந்தே விழுந்ததால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் வரவில்லை. அங்கே அணா போய் நயா பைசா வந்தது. இங்கே சுதந்திரம் வந்தது. அந்தக் கணக்கு மட்டும் அசையவில்லை. கடிகாரம் பார்க்கத் தெரியாதவர்களுக்குக்கூட இங்கே நூறுக்கு நூற்றைம்பத்தைந்து என்பது தெரியும்.

2

என் வீட்டுக்காரர் பணத்தை நம்பிய விதம் உங்களுக்குப் புரிய வேண்டுமானால் அவருடைய தகப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மாமனாரை நான் பார்த்ததில்லை. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்ததும், வாழை மரப்படம் போட்ட நோட்டை அடித்துவிட்டான். பழைய ராஜா தலை நோட்டை வைத்திருந்தால் தலை போகும் என்று பயந்த காலம். மாமனார் பயந்த மனிதர். கையில் இருந்த ராஜா நோட்டையெல்லாம் கொடுத்து வாழைமர நோட்டாக மாற்றிக்கொண்டார். சண்டை முடியும்வரை அந்த நோட்டில்தான் கூலி வாங்கினார், அதைத்தான் சேர்த்தும் வைத்தார். பக்கத்துக் காம்பிராவில், அதாவது பக்கத்து அறையில் இருந்தவர் மட்டும் தன் ராஜா நோட்டைக் கொட்டாங்கச்சியில் வைத்து மண்ணில் புதைத்துவிட்டு, கேட்டவர்களிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும், வாழைமர நோட்டுக்கு ஒரு காசும் கிடையாது என்று அறிவித்துவிட்டான். பக்கத்து அறைக்காரர் மண்ணைத் தோண்டி எடுத்துக்கொண்டு முதல் கப்பலில் ஊருக்குப் போனார். மாமனார் காய்ச்சலில் கிடந்தார். மருந்து வாங்கப் பணம் இல்லை. இல்லை என்பதும் சரியில்லை, ஒரு சாக்கு நிறைய இருந்தது. அந்தச் சாக்கைத் தலைக்கு வைத்துத்தான் அவர் உயிர் போனதாம். மகனுக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும்.

அந்தப் பதினைந்து வயதில் கற்றதை என் வீட்டுக்காரர் ஒருநாளும் மறக்கவில்லை. புதிதாக வருகிற நோட்டை நம்பாதே, ராஜா தலை நோட்டு சாகாது. ராஜா போய் ராணி வந்ததும் அது ராணி நோட்டாயிற்று. பிறகு எருமை பூட்டி உழுகிற படம் போட்ட பத்து வெள்ளி வந்தபோது, இதில் தலையே இல்லையே என்று கேட்டேன். "தல இல்லாட்டி என்ன புள்ள, பின்னால வெள்ளக்காரன் பவுனு நிக்குதில்ல" என்றார். பாங்கிலும் போடமாட்டார். சண்டையில் பாங்கு மூடியதையும் அவர் பார்த்திருந்தார்.

துறைமுகத்தில் வேலை செய்த நம் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் அவர் பேச்சு வேதவாக்கு. சாக்கைத் தலைக்கு வைத்துச் செத்தவரின் மகன் சொன்னால் யார் கேட்கமாட்டார்கள்?

3

ரூபாயின் விலையை டெல்லி சர்க்கார் குறைத்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னது அறுபத்தாறு ஜூன் மாதம். அன்று மாலை என் வீட்டுக்காரர் ஆட்டுக்கறியும் ஜிலேபியும் வாங்கிக்கொண்டு வந்தார். நூறு வெள்ளிக்கு இனி இருநூற்று நாற்பத்தைந்து ரூபாய். நாங்கள் ஒன்றும் செய்யாமலே, எங்கள் சேமிப்பு கடலுக்கு அந்தப் பக்கம் ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிட்டது. மகள் ரோசலினுக்குப் பன்னிரண்டு வயது. அவளைத் தூக்கிச் சுற்றினார். "ஊருக்குப் போலாம் சாமி" என்றார். அவள் சிரித்தாளே தவிர, எந்த ஊர் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

எங்களுக்கு ஒரு நிலம் பார்த்து வைத்திருந்தார் அண்ணன். ஜேடர்பாளையம் அணைக்குக் கீழே வாய்க்கால் பாசனத்தில் ஒரு துண்டு நஞ்சை. சங்ககிரியில் ஒரு லாரிக் கம்பெனியில் அண்ணனுக்குப் புக்கிங் குமாஸ்தா வேலை. லாரி போகிற வழியெல்லாம் எந்த நிலம் விலைக்கு வருகிறது என்று அவருக்குத் தகவல் வந்துவிடும்.

அண்ணனுடைய கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்தது. அதைப் படித்துவிட்டு எனக்கு ஜிலேபி தின்ற வாய் கசந்தது. மழை இல்லாமல் ஊரே காய்ந்து கிடக்கிறது, ரேஷன் அரிசிக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்கிறோம் என்று எழுதியிருந்தார். ரூபாய் விழுந்ததும் வெளிநாட்டிலிருந்து வரும் லாரிச் சாமான் விலை ஏறிவிட்டதால், முதலாளி இரண்டு லாரியை ஷெட்டில் நிறுத்திவிட்டார். அண்ணனுக்குப் பாதிச் சம்பளம். அண்ணியின் சங்கிலி போய்விட்டது. கடைசியில், மச்சானைச் சீக்கிரம் வாங்கச் சொல், நிலத்துக்காரர் விலையை ஏற்றுவதற்குள் முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தார். எங்களுக்கு ஏறியது எல்லாம் அவர்களிடமிருந்து இறங்கியதுதான் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. செவ்வாய்ப்பேட்டை அம்மாளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

வாங்கிவிடுங்கள் என்று நானும் சொன்னேன். பணம் மாற்றும் கடைப் பாய், ரூபாய் இன்னும் விழும், நூறுக்கு முந்நூறுகூட ஆகும் என்று யாரிடமோ சொன்னாராம். அது இவர் காதுக்கு வந்துவிட்டது. ஒரு வருடம் பொறுத்தால் பக்கத்துத் துண்டையும் சேர்த்து வாங்கலாம், அண்ணனையும் நம்மோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். பேராசை என்று நான் நினைக்கவில்லை. இன்றும் நினைக்கவில்லை. முதல்முறையாகப் பணம் அவர் பக்கம் நின்றது. அதைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருக்க ஆசைப்பட்டார்.

4

அடுத்த வருடம் ஜூனில் இந்த நாடு தனக்கென்று சொந்த நோட்டு அடித்தது. பழைய வெள்ளிக்குப் புது வெள்ளி சரிக்குச் சரி. பாங்கில் கொடுத்தால் மாற்றிக் கொடுத்தார்கள். ஒருநாள் வேலை முடிந்து நம் ஆட்கள் ஐந்தாறு பேர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, மாற்றிவிடலாமா என்று இவரிடம் கேட்டார்கள். நான் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "புதுசு எப்படிப் போவும்னு யாருக்குத் தெரியுமுங்க? அவசரப்படாதீங்க. பழைய நோட்டுக்குப் பின்னால பவுனு நிக்குது. அது நிக்கற வரைக்கும் நமக்குப் பயமில்ல." எல்லோரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நிம்மதியாகப் போனார்கள்.

நவம்பரில் பவுன் விழுந்தது.

அது விழுந்ததுகூடப் பெரிதில்லை. நாற்பத்தொன்பதைப்போல எல்லாம் சேர்ந்து விழும், ஒன்றும் ஆகாது என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் இந்த நாட்டுச் சர்க்கார், புது வெள்ளி விழாது என்றும், பழைய வெள்ளி மட்டும் பவுனோடு சேர்ந்து விழும் என்றும் சொல்லிவிட்டது. பழைய ஒரு வெள்ளிக்கு இனி எண்பத்தைந்து காசு. ஐந்து மாதமாகச் சரிக்குச் சரியாகப் புழங்கிய இரண்டு நோட்டில் ஒன்று, ஒரு வாரக் கடைசியில் நொண்டியாகிவிட்டது.

இவர் நம்பவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். வாரா வாரம் எங்களுக்கு மீன் கொடுக்கும் சீனத்தியிடம் எருமை நோட்டு ஒன்றை நீட்டினார். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எட்டு வெள்ளி ஐம்பது காசு என்று மலாயில் சொன்னாள். இவர், பத்து என்றார். அவள் கோபப்படவில்லை. தன்னுடைய மீன் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கற்றைப் பழைய நோட்டை எடுத்து இவருக்குக் காட்டினாள். அவளுக்கும் அதே கதிதான். இவர் தன் நோட்டை மடித்து வைத்துக்கொண்டார். மீன் வாங்காமல் வந்துவிட்டோம்.

அந்த வாரமே பினாங்கில் கடையடைப்பு. கடையடைப்பு கலவரமாகி, கலவரம் ஊரடங்காயிற்று. செத்தவர்களும் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் இவர் பழைய நோட்டையே எண்ணி எண்ணி அடுக்கினார். ரோசலின் ஒருமுறை ஆங்கிலத்தில் என்னிடம், "அப்பா ஏன் பாங்குக்குப் போகவில்லை? எங்கள் டீச்சர் அப்போதே சொன்னாரே" என்று கேட்டாள். தமிழில் கேட்டிருந்தால் வலித்திருக்கும் என்றுதான் ஆங்கிலத்தில் கேட்டாளோ என்னவோ. இவருக்கும் துறைமுக ஆங்கிலம் புரியும். எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

5

நூற்றுக்குப் பதினைந்து போனால் குடி முழுகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். முழுகாது. எங்களிடம் மீதி எண்பத்தைந்து இருந்தது. முழுகியது வேறு விதமாக.

ஊரடங்கு எடுத்த பிறகு, அன்று வாசலில் வந்து கேட்டவர்களில் ஒருவரான செங்கோடன் வந்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், பெண்டாட்டி இல்லாதவர், ஊரில் தங்கையிடம் விட்டிருந்த மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்கண்ணா என்றதற்கு வரவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்ன தொகைக்குக் குறைகிறது, கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "உங்க மேல குத்தமில்லீங்கண்ணா. நீங்க சொன்னீங்க, நா கேட்டேன். அவ்வளவுதானுங்க" என்றார். அதைச் சொல்லத்தான் வந்திருந்தார்போல. சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் திட்டியிருந்தால் என் வீட்டுக்காரர் பிழைத்திருப்பார்.

மறுநாளே தொடங்கிவிட்டார். தன் பேச்சைக் கேட்டுப் பழைய நோட்டை வைத்திருந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனார். அவர்களுக்குக் குறைந்ததைத் தன் பணத்திலிருந்து ஈடு கட்டினார். சிலர் வாங்க மறுத்தார்கள். கட்டிலின்மேல் வைத்துவிட்டு வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. செங்கோடன் அண்ணனுக்குக் கொடுப்பது சரி, மகள் கல்யாணம். மற்றவர்களுக்கு எதற்கு என்று சண்டை போட்டேன்.

"ஏனுங்க, அவங்க யாரும் கேக்கலீங்களே" என்றேன்.

"கேக்காததுதான் புள்ள கஷ்டம்" என்றார்.

நோட்டை நம்பிக் கெடுவது எங்கப்பா ஒருவரோடு போகட்டும், என்னை நம்பினவர்களுக்கு அது வரக்கூடாது என்று அவர் நினைத்தார். அந்த நினைப்பில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. ஆனால் எங்கள் நிலம் அந்தக் கட்டில்களில் போய் உட்கார்ந்துவிட்டது. தை மாதம் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. ஜேடர்பாளையத்து நஞ்சையை ஈரோட்டு மஞ்சள் வியாபாரி ஒருவர் கிரயம் செய்துகொண்டாராம்.

6

இந்த நாட்டில் அடையாளக் கார்டு இரண்டு நிறம். குடியுரிமை உள்ளவர்களுக்கு நீலம், இல்லாதவர்களுக்குச் சிவப்பு. சுதந்திரம் வந்த புதிதில், இங்கே வெகுநாள் இருந்தவர்களுக்குப் பரீட்சை இல்லாமலே குடியுரிமை கொடுத்தார்கள். "நாம ஊருக்குப் போறவங்கதானே" என்று இவர் அதை வாங்கப் போகவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. ரோசலின் இங்கே பிறந்தவள், அவளுக்கு நீலம். ஒரே வீட்டில் இரண்டு சிவப்பும் ஒரு நீலமும்.

நிலம் போன பிறகு குடியுரிமைக்கு மனுப் போட்டார். அதற்குள் மலாய் மொழிப் பரீட்சை வந்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டாராம். எங்கே வேலை, எத்தனை பிள்ளை, இந்த நாட்டு மாமன்னர் யார் என்று சாதாரணக் கேள்விகள். முப்பது வருடம் சந்தையிலும் படகிலும் மலாய் பேசிய மனிதர். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் வாயில் வந்தது, "தெரியலீங்க." அதுவும் தமிழில். அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம்.

துறைமுகக் குத்தகைக்காரர் நீலக் கார்டு உள்ளவர்களை மட்டும் வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். வேலை நின்றதும், சென்ற வருடம் ஆகஸ்டில், இவர் மட்டும் ஊருக்குக் கப்பலேறினார். மீதிப் பணத்தில் மேட்டுக்காடாவது ஒன்று வாங்கிக்கொண்டு எங்களைக் கூப்பிடுவதாக ஏற்பாடு. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வருடத்துக்குள் திரும்பி வர அனுமதியும் எழுதி வாங்கிக்கொண்டார். ரோசலினுக்குப் பரீட்சை இருந்தது. கப்பலடியில் அவள் அழுதாள். இவர் அவள் தலையில் கைவைத்து, "அடுத்த தையில நம்மூட்டுல பொங்கல் சாமி" என்றார்.

இரண்டு மாதத்தில் காடு பார்ப்பதை விட்டுவிட்டார். அந்தப் பணத்துக்கு வந்ததெல்லாம் கிணறு வற்றிய நிலம். இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டுக்குப் போனது. சங்ககிரியில் அண்ணன் பிடித்துக் கொடுத்த லாரி ஷெட்டில் காவல் வேலைக்கு இருந்தார். நான் மாதம் முப்பது வெள்ளி அனுப்பினேன். அங்கே எழுபது ரூபாய்க்கு மேல் வரும். பதினைந்து வருடம் அண்ணனுக்கு அனுப்பிய கை, இப்போது புருஷனுக்கு அனுப்பியது.

இந்த வருடத் தொடக்கத்தில், திரும்பி வந்துவிடுகிறேன் என்று எழுதினார். நான் டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தேன். ஆனால் அங்கிருந்து வெளிநாட்டுக்குக் கப்பலேறுவதற்கு அன்னியச் செலாவணி அனுமதி என்று ஒன்று வேண்டும். டிக்கெட்டுக்கு யார் பணம் கட்டுகிறார்கள், எந்த நாட்டுப் பணம், என்ன உறவு என்று கேட்டுக் கேட்டு, சென்னையில் ஓர் அலுவலகம் அவரை அலையவைத்தது. சங்ககிரிக்கும் சென்னைக்கும் லாரியிலேயே போய்வந்தார். அனுமதி கிடைத்து அவர் சந்தோஷமாக எழுதிய கடிதம் என் கைக்கு வந்தபோது, இங்கே திரும்பி வரும் அனுமதிக்கு நாள் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. குடிநுழைவு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். சிவப்புக் கார்டுக்காரர் கெடு தாண்டினால் தாண்டியதுதான், நீங்கள் வேண்டுமானால் அவரிடம் போகலாம் என்றார் அங்கிருந்த பெண்.

அன்று மாலை ரோசலினிடம், நாம் போய்விடலாமா என்று கேட்டேன். அவளுக்குப் பதினைந்து வயது. "நீங்க போங்கம்மா. நா மடத்து விடுதியில இருந்துக்குவேன்" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. எனக்கு வழி சொன்னாள். அவளை விட்டுப் போகவும் என்னால் முடியாது, இழுத்துக்கொண்டு போகவும் முடியாது.

உள்ளதை அவருக்கு அப்படியே எழுதினேன். பதில் இந்தமுறை அண்ணன் கையெழுத்தில் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதியது. காவல் வேலைச் சம்பளமே தனக்குப் போதும், இனிமேல் பணம் அனுப்ப வேண்டாம், அந்த முப்பது வெள்ளியைப் பிள்ளை படிப்புக்குப் புது நோட்டாகவே பாங்கில் போடு என்று இருந்தது. அடியில் அண்ணன் தன் பங்குக்கு, மச்சான் இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய் லாரிகளுக்கு நடுவில் வெகுநேரம் நின்றார் என்று எழுதியிருந்தார்.

முதல் தேதி வந்ததும் கால் தானாகத் தபாலாபீசுக்குப் போய்விட்டது. வரிசையில் நின்று முன்னால் வந்த பிறகுதான் நினைவு வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பையனுக்கு என்னைத் தெரியும். "இந்தியாவா அம்மா?" என்று கேட்டான். இல்லை என்றேன். பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு ஒதுங்கினேன்.

இந்த மாதம் நூறு வெள்ளிக்கு எத்தனை ரூபாய் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.